பிரித்தானிய கன்சர்வேட்டிவ் கட்சி: தலைவரை மாற்றினால் தேர்தலில் மீளுமா?

நெய்தல் (கேள்வி, 2025 ஜூன்)

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிரித்தானிய அரசியலைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்துவருகிறேன். படிக்கப் படிக்கக் குழப்பந்தான் கூடுகிறது. 2016 ஜூனில் பிரெக்சிட் வாக்கெடுப்பில் தோற்று டேவிட் கேமரன் விலகிய பிறகு, இந்த ஒன்பது ஆண்டுகளில் தெரசா மே, போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக், கெமி பேடனாக் என ஐந்து பேர் கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைமைக்கு வந்திருக்கிறார்கள். 2019 டிசம்பரில் 365 இடங்களை வென்ற கட்சி, நாலரை ஆண்டு கழித்து 2024 ஜூலை 4 அன்று 121 இடங்களுக்குச் சுருங்கியது. வாக்கு வீதம் 43.6-இலிருந்து 23.7-க்கு விழுந்தது. அது போதாதென்று, 2025 மே 1 அன்று நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் 670-க்கு மேற்பட்ட இடங்களை இழந்ததோடு, தன் பெரும்பான்மையில் இருந்த மன்றங்களில் ஒன்றைக்கூடத் தக்கவைக்கவில்லை. பேடனாக் தலைவராகி ஏழு மாதந்தான் ஆகிறது. அதற்குள் அவர் தாங்குவாரா என்ற பேச்சு எழுந்துவிட்டது.

தலைவர்களை இப்படி அடிக்கடி மாற்றுவதால் கட்சி நலிகிறதா, அல்லது நலிந்துவிட்டதால் மாற்றிக்கொண்டே இருக்கிறதா? 2029 ஆகஸ்டுக்குள் நடந்தாக வேண்டிய அடுத்த பொதுத்தேர்தலில் அக்கட்சி ஆட்சியைப் பிடிக்க உண்மையிலேயே வழி உண்டா? கட்சிச் சார்பான வாதம் எனக்குத் தேவையில்லை. அக்கட்சியின் உள்விவகாரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

முன்னாள் உறுப்பினன்

அன்பின் நெய்தல்,

முதலில் என் சார்பைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் மாநகரத் தொகுதி ஒன்றின் கன்சர்வேட்டிவ் சங்கத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் சந்தா கட்டிய உறுப்பினனாக இருந்தேன்; சென்ற ஆண்டு புதுப்பிக்கவில்லை. எனவே நான் சொல்வதில் கொஞ்சம் மனக்கசப்பும் கலந்திருக்கலாம்.

என் பார்வையில் நோயின் ஊற்று, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறைதான். 1965 வரை அக்கட்சியில் தலைமைக்குத் தேர்தலே கிடையாது. மூத்தவர்கள் கூடிப் பேசினால் ஒருவர் 'வெளிப்படுவார்'. எட்வர்ட் ஹீத் தொடங்கி ஜான் மேஜர், வில்லியம் ஹேக் வரை நாடாளுமன்ற உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தார்கள். 1997-இல் 165 இடங்களுக்கு வீழ்ந்த பிறகு, கட்சியை மக்களுக்கு அருகில் கொண்டுவருவதாகச் சொல்லி, 1998-இல் ஹேக் இன்றைய முறையைப் புகுத்தினார். அதன்படி நாடாளுமன்ற உறுப்பினர்கள் சுற்றுச் சுற்றாக வாக்களித்துப் போட்டியாளர்களை இருவராகக் குறைப்பார்கள். அந்த இருவரில் ஒருவரைச் சந்தா கட்டிய உறுப்பினர்கள் தேர்வார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றாடம் அந்தத் தலைவருக்குப் பின்னால் அவையில் உட்கார வேண்டியவர்கள் ஒரு கூட்டம், அவரைத் தேர்பவர்கள் வேறொரு கூட்டம் என்றாகிவிட்டது.

2001-இல் முதன்முறை இதைப் பயன்படுத்தியபோதே விபரீதம் தெரிந்தது. கடைசிச் சுற்றில் கென் கிளார்க்குக்கு 59, இயன் டங்கன் ஸ்மித்துக்கு 54, மைக்கேல் போர்ட்டில்லோவுக்கு 53. ஒரே வாக்கில் போர்ட்டில்லோ வெளியேறினார். உறுப்பினர்கள் டங்கன் ஸ்மித்தைப் பெரும் வித்தியாசத்தில் தேர்ந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களில் மூன்றிலொரு பங்கினரின் ஆதரவோடு மட்டும் வந்த அவரை, இரண்டே ஆண்டில், 2003 அக்டோபரில், அதே நாடாளுமன்ற உறுப்பினர்கள் 90-க்கு 75 என்று வாக்களித்து இறக்கினார்கள்.

2022-இல் நடந்ததும் இதன் மறுபதிப்பே. இறுதிச் சுற்றில் சுனக்குக்கு 137, டிரஸ்ஸுக்கு 113, பென்னி மோர்டான்டுக்கு 105. டிரஸ்ஸை விரும்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் இங்கும் மூன்றிலொரு பங்குக்குக் குறைவு. உறுப்பினர்கள் 81,326-க்கு 60,399 என்று அவரையே தேர்ந்தார்கள். அந்த ஆகஸ்டில் எங்கள் சங்கத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள், இருபத்தைந்துதான் நிறைந்தது. ஐம்பது வயதுக்குக் கீழே என்னையும் இன்னொருவரையும் தவிர யாரும் இல்லை. டிரஸ்ஸின் ஆதரவாளர் வரிக்குறைப்பைப் பட்டியலிடப் பட்டியலிடக் கைதட்டல் கூடியது. பின்வரிசையில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் எழுந்து, இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்று மிகுந்த பணிவோடு கேட்டார். முன்வரிசையினர் அனைவரும் ஒருசேரத் திரும்பி, தேவாலயத்தில் கைப்பேசியை ஒலிக்கவிட்டவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கேள்வியைத்தான், டிரஸ் அரசு அந்த வரிக்குறைப்புகளை அறிவித்த செப்டம்பர் 23-க்குப் பிறகு, கடன்பத்திரச் சந்தை கேட்டது. சந்தையை உட்காரவைக்க யாராலும் முடியவில்லை.

2024-இல் நடந்தது இன்னும் விசித்திரம். அக்டோபர் 8 அன்று ஜேம்ஸ் கிளெவர்லி 39 வாக்கோடு முதலிடத்தில் இருந்தார். ராபர்ட் ஜென்ரிக் 31, பேடனாக் 30. டாம் டூகன்ட்ஹாட் 20 வாக்கோடு வெளியேறியதால் அந்த இருபதில் கொஞ்சமாவது கிளெவர்லிக்கு வந்து சேரும் என்றே எல்லோரும் எண்ணினார்கள். மறுநாள் எண்ணியபோது பேடனாக் 42, ஜென்ரிக் 41, கிளெவர்லி 37! முதல்நாள் இருந்ததிலேயே இரண்டு குறைந்திருந்தது. தங்களுக்கு வேண்டாத ஒருவரை வெளியேற்ற, சிலர் வாக்கை இரவல் கொடுக்கப்போய்க் கணக்குத் தப்பியது என்பதே பரவலான விளக்கம். பேடனாக் பிறகு உறுப்பினர் வாக்கில் 53,806-க்கு 41,388 என்று வென்றார். ஆனால் முதல் சுமையே, வாக்களித்த 120 நாடாளுமன்ற உறுப்பினர்களில் 42 பேரின் விருப்பம் மட்டுமே என்பதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2022-இல் வாக்களிக்கத் தகுதி பெற்ற உறுப்பினர்கள் 172,437, 2024-இல் 131,680. நாட்டின் பிரதமராகக்கூடியவரைத் தேரும் குளம் வற்றிக்கொண்டே போகிறது.

ஹரோவாசி

முன்னாள் உறுப்பினன் அண்ணா எழுதியது சுவையாக இருந்தது, ஆனால் முழுவதும் உடன்பட முடியவில்லை. அதே விதியின்கீழ்தான் 2005-இல் டேவிட் கேமரன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2010-இல் 306 இடங்களுக்கும் 2015-இல் தனிப்பெரும்பான்மைக்கும் கட்சியைக் கொண்டுசென்றார். விதி அன்றும் இன்றும் ஒன்றே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகிவிடக் கூடாது.

மாறியிருப்பது வாக்காளர் கூட்டணி. 2019-இல் ஜான்சன் வென்றது பிரெக்சிட் என்ற ஒற்றைக் கயிற்றால் இரண்டு வேறுபட்ட கூட்டங்களைக் கட்டியதால்தான்: வடக்கில் தலைமுறை தலைமுறையாகத் தொழிற்கட்சிக்கு வாக்களித்த பழைய தொழில் நகரங்கள் ஒருபுறம், தெற்கில் வசதியான, படித்த, ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருக்கும் பாரம்பரிய டோரிகள் (கன்சர்வேட்டிவ்களின் பழைய பெயர்) மறுபுறம். அப்போது நைஜல் ஃபராஜின் பிரெக்சிட் கட்சி, கன்சர்வேட்டிவ் கட்சி 2017-இல் வென்ற 317 தொகுதிகளிலும் போட்டியிடாமல் ஒதுங்கிக்கொண்டது என்பதையும் மறக்கக் கூடாது. பிரெக்சிட் நடந்து முடிந்ததும் கயிறு அவிழ்ந்தது. வடக்கு, ஃபராஜின் கட்சி பின்னர் சூட்டிக்கொண்ட பெயரான ரிஃபார்ம் பக்கமும் தொழிற்கட்சி பக்கமும் சிதற, தெற்கு லிபரல் ஜனநாயகக் கட்சியிடம் போனது.

2024 முடிவைப் பாருங்கள். லிபரல் ஜனநாயகக் கட்சி 12.2 வீத வாக்கில் 72 இடம் பெற, ரிஃபார்ம் 14.3 வீத வாக்கில் 5 இடம்தான் பெற்றது. லிபரல்கள் வாக்கைப் பரப்பாமல் தேவையான இடத்தில் குவித்தார்கள்; ரிஃபார்ம் நாடெங்கும் தூவி, தான் வெல்லாத இடங்களில் டோரிகளைத் தோற்கடித்தது. பாசில்டன்-பில்லரிக்கேயில் கட்சியின் அப்போதைய நிர்வாகத் தலைவரான (சேர்மன்) ரிச்சர்ட் ஹோல்டன் வெறும் 20 வாக்கில் தப்பினார். தென்மேற்கு நோர்ஃபோக்கில் லிஸ் டிரஸ் 630 வாக்கில் தோற்றார். இரண்டு பக்கமும் இழந்தவர்களை மீட்க ஒரே தலைவரால் பேசக்கூடிய மொழி எது? குடிவரவைப் பற்றி ஃபராஜைப் போலப் பேசினால் சிசெஸ்டரும் சர்ரேயும் இன்னும் தூரம் போகும். மென்மையாகப் பேசினால் லிங்கன்ஷயரும் கென்டும் திரும்பிப் பார்க்காது. இது பேடனாக்கின் குறையும் அல்ல, வேறொருவர் வந்தால் தீர்வதும் அல்ல.

மறுபுறம், 'பொருளாதாரத்தை நம்பி ஒப்படைக்கக்கூடியவர்கள்' என்ற ஒற்றைப் பெயர்தான் அக்கட்சிக்கு எப்போதும் முதலாக இருந்தது. 1992 செப்டம்பர் 16 அன்று பவுண்டு ஐரோப்பிய மாற்றுவீத முறையிலிருந்து வெளியேறியபோது அந்தப் பெயர் ஒருமுறை உடைந்தது. அதை ஒட்டவைத்து மீண்டும் ஆட்சிக்கு வர 2010 வரை ஆனது. 2022-இல் இரண்டாம் முறையாக உடைந்தது. எங்கள் வீட்டுக்கடனின் நிலைவட்டிக் காலம் அந்த நவம்பரில் முடிந்தது. 1.7 வீதத்திலிருந்த வட்டி 5.6 ஆனது. உலகெங்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது, முழுப் பழியும் ஒருவர்மேல் நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். ஆயினும் வங்கியின் கடிதத்தை அடுக்களை மேசையில் விரித்துவைத்து என் மனைவியார் உச்சரித்த பெயர் ஒன்றே. அவர் அதுவரை எல்லாத் தேர்தலிலும் டோரிகளுக்கு வாக்களித்தவர்.

இதற்கு விதிவிலக்கு எங்கள் ஹரோ கிழக்குத் தொகுதி. 2024-இல் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஒருவர் பாதிக்குமேல் வாக்குப் பெற்று வென்ற தொகுதி நாட்டிலேயே அது ஒன்றுதான். பாப் பிளாக்மன் இந்துக் கோயில் விழாக்களையும் சமூகக் கூட்டங்களையும் ஆண்டுக்கணக்கில் விடாமல் சுற்றியதன் பலன் அது. வாக்காளரை நேரில் அறிந்த உறுப்பினர் இருந்தால் அலையைத் தாங்கலாம் என்று அதைப் படிக்கலாம். 121 தொகுதிக்கு அப்படி ஆள் கிடைப்பது வேறு விடயம்.

நெய்தல்

இருவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. 2024-இல் கன்சர்வேட்டிவ் பெற்ற 23.7-ஐயும் ரிஃபார்ம் பெற்ற 14.3-ஐயும் கூட்டினால் 38 வருகிறது; ஆட்சியைப் பிடித்த தொழிற்கட்சிக்குக் கிடைத்ததோ 33.7. அப்படியானால் இரு கட்சிகளும் கூட்டணி அமைத்தாலோ இணைந்தாலோ கணக்கு முடிந்துவிடாதா? நம் ஊர் அரசியலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் என்ன தயக்கம் என்றே புரியவில்லை.

பனிக்கரை

நான் எழுதுவது கனடாவிலிருந்து. நெய்தல் கேட்ட கூட்டல் கணக்கை நாங்கள் பத்து ஆண்டுகள் போட்டுப் பார்த்தோம் என்பதால் குறுக்கிடுகிறேன். ஃபராஜின் கட்சிப் பெயருக்குப் பின்னாலேயே கனடாவின் பழைய ரிஃபார்ம் கட்சி இருக்கிறது. அதைத் தம் முன்மாதிரியாக அவர் குறிப்பிட்டதுண்டு.

1988-இல் 169 இடம் வென்று ஆட்சியிலிருந்த முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி, 1993-இல் இரண்டே இடத்துக்கு இறங்கியது. இருநூறு அல்ல, இருபது அல்ல, இரண்டு. பிரதமர் கிம் கேம்பல் தம் வன்கூவர் தொகுதியையே இழந்தார். அப்போதும் அக்கட்சிக்கு 16 வீத வாக்கு இருந்தது, ரிஃபார்முக்கு 18.7 வீதமும் 52 இடமும். கூட்டினால் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒன்டாரியோவில் வலதுசாரி வாக்கு இரண்டாகப் பிளந்துகொண்டே இருந்ததால் லிபரல்கள் அங்கு 1993-இல் 99-க்கு 98, 1997-இல் 103-க்கு 101, 2000-இல் 103-க்கு 100 என்று அள்ளினார்கள். மூன்று தேர்தல் தோற்ற பிறகும் இணைய மனம் வரவில்லை. 2003-இல் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் தலைமைக்குப் போட்டியிட்ட பீட்டர் மெக்கே, வெல்வதற்காகச் சக போட்டியாளர் டேவிட் ஓர்ச்சர்டிடம் 'இணைப்புக்கு உடன்பட மாட்டேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். சில மாதங்களிலேயே, ரிஃபார்மின் வாரிசுக் கட்சியான கனேடியன் அலையன்சின் தலைவர் ஸ்டீபன் ஹார்ப்பருடன் இணைப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். அரசியலில் பேனாவுக்கு வெட்கம் கிடையாது போலும்.

பலன் வந்தது: 2004-இல் 99 இடம், 2006-இல் ஹார்ப்பர் பிரதமர், 2011-இல் 166 இடத்தோடு பெரும்பான்மை. ஆனால் நெய்தல் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இணைந்த முதல் தேர்தலில் அவர்கள் வெல்லவில்லை. 2000-இல் இரு கட்சிகளும் தனித்தனியே பெற்ற வாக்குகளின் கூட்டுத்தொகைகூட 2004-இல் வரவில்லை. பழைய கன்சர்வேட்டிவ் வாக்காளரில் ஒரு பகுதியினர் புதிய கட்சியைக் கண்டு லிபரல் பக்கம் போனார்கள். இரண்டு, இணைப்பு என்ற பெயரில் நடந்தது விழுங்கல்தான். தலைவர் ரிஃபார்ம் வழியில் வந்தவர். 'முற்போக்கு' என்ற சொல் பெயரிலிருந்தே கழன்றது.

இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு, அது முன்னாள் உறுப்பினன் சொன்ன விதிப் பிரச்சினையைத் தொடுகிறது. புதிய கட்சியில் மேற்கு மாகாண உறுப்பினர் எண்ணிக்கை எல்லோரையும் அமுக்கிவிடும் என்று பழைய கட்சியினர் அஞ்சியதால், உறுப்பினர் பத்துப் பேரோ பத்தாயிரம் பேரோ, ஒவ்வொரு தொகுதிக்கும் 100 புள்ளி என்று தலைமைத் தேர்தலை அமைத்தார்கள். கட்சி கால் ஊன்றாத இடத்தின் குரலும் தலைவர் தேர்வில் கேட்க வேண்டும் என்பதே நோக்கம். உங்கள் டோரிகளிடம் அப்படியொரு ஏற்பாடு இல்லை. சந்தா கட்டுவோர் எங்கே குவிந்திருக்கிறார்களோ அங்கேதான் தலைவரும் முளைக்கிறார்.

பெரிய வேறுபாடு ஒன்று: கனடா ரிஃபார்ம் மேற்கின் கட்சி. எல்லை தெரிந்த பங்காளிச் சண்டை அது, பேசி முடிக்கலாம். பிரித்தானிய ரிஃபார்ம் எல்லா ஊரிலும் நிற்கிறது, அத்துடன் இப்போது மேலேறிக்கொண்டிருக்கிறது. மேலேறுகிறவன் எதற்காகப் பங்கு பிரிப்பான்?

ஹரோவாசி

பனிக்கரை கடைசியில் கேட்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மே 1 உள்ளூராட்சித் தேர்தலை வைத்து பிபிசி கணித்த தேசிய வாக்குப் பங்கு: ரிஃபார்ம் 30, தொழிற்கட்சி 20, லிபரல் 17, கன்சர்வேட்டிவ் 15. அன்றே நடந்த ரன்கோர்ன்-ஹெல்ஸ்பி இடைத்தேர்தலில் ரிஃபார்ம் வேட்பாளர் 12,645 வாக்கும் தொழிற்கட்சி வேட்பாளர் 12,639 வாக்கும் பெற்றனர். ஆறு வாக்கில் வெற்றி. டோரி வேட்பாளர் பெற்றது 7 வீதத்தை ஒட்டித்தான். தொழிற்கட்சி அரசின்மீது கோபம் கொண்ட ஒருவர், ஆட்சியைத் தண்டிக்க யாருக்கு வாக்களிப்பது என்று யோசிக்கும்போது, பிரதான எதிர்க்கட்சி அவருடைய எண்ணத்துக்கே வரவில்லை. தலைவர் யார் என்பதைவிட இது பெரிய ஆபத்து. எங்கள் தேர்தல் முறை, 'இவர்களால் இங்கே வெல்ல முடியும்' என்று நம்பப்படுவோருக்கே பரிசளிக்கும். நூறாண்டாக டோரிகள் அதன் பயனை அனுபவித்தார்கள். அந்த நம்பிக்கை ஃபராஜ் பக்கம் முழுதாக நகர்ந்துவிட்டால், முதல் உலகப்போர்க் காலப் பிரதமர் லாய்டு ஜார்ஜுக்குப் பிறகு பழைய லிபரல் கட்சி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டதே டோரிகளுக்கும் நேரும்.

முன்னாள் உறுப்பினன்

தம்பி ஹரோவாசி சொன்னதில் பாதியை ஏற்கிறேன். கேமரனை அதே விதி தந்தது உண்மை. ஆனால் 2005-இல் நாடாளுமன்ற உறுப்பினர்களின் இறுதிச் சுற்றிலும் கேமரனே முதலிடத்தில் இருந்தார். இரு கூட்டமும் ஒத்துப்போனால் விதி தீங்கு செய்யாது. ஒத்துப்போகாதபோதுதான் தலைவரின் காலம் எண்ணப்படத் தொடங்குகிறது.

நெய்தல் கேட்ட 'பேடனாக் தாங்குவாரா' என்பதற்கு நடைமுறைப் பதில். புதிய தலைவர்மீது முதல் ஓராண்டு நம்பிக்கையில்லா வாக்கெடுப்புக் கோர முடியாது. அவருக்கு அந்தக் காவல் 2025 நவம்பர் 2 வரைதான். அதன் பிறகு, கட்சியின் பின்வரிசை நாடாளுமன்ற உறுப்பினர்களின் அமைப்பான 1922 குழுவின் தலைவருக்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கடிதம் எழுதலாம். (பெயரைப் பார்த்து அது லாய்டு ஜார்ஜைக் கவிழ்த்த 1922 கார்ல்டன் கிளப் கூட்டத்தில் பிறந்தது என்று எழுதுவோர் உண்டு. அடுத்த ஆண்டு புதிய உறுப்பினர்கள் அமைத்த குழு அது. 2024-இல் அதன் தலைவரானவர் ஹரோவின் பாப் பிளாக்மன்தான்.) முன்பு 15 வீதம் பேர் எழுதினால் போதும், அதாவது 2024-இல் வென்ற 121 பேரில் 19 பேர். 2024 இறுதியில் அதை மூன்றிலொரு பங்காக உயர்த்திவிட்டார்கள். 121 பேர் என்றால் 41 கடிதம் வேண்டும். எண்ணிக்கை குறைந்த கட்சியில் பத்தொன்பது பேர் ஒரு மேசையில் கூடி உணவருந்தினாலே தலைவர் ஆட்டங்காணுவார் என்பதால் செய்த மாற்றம், என் கணிப்பில் சரியான மாற்றம்.

ஆனால் வாக்கெடுப்பில் வென்றாலும் தலைவர் நிலைப்பார் என்பதில்லை. 1990-இல் மார்கரெட் தாட்சர் 204-க்கு 152 என்று முந்தியிருந்தும் இரண்டு நாளில் விலகினார். தெரசா மே 2018 டிசம்பரில் 200-க்கு 117 என்று வென்றார், அடுத்த கோடையில் இல்லை. ஜான்சன் 2022 ஜூன் 6-இல் 211-க்கு 148 என்று வென்றார், ஜூலை 7-இல் விலகலை அறிவித்தார். 1995-இல் தாமே பதவி விலகிப் போட்டியிட்டு வென்ற மேஜர் மட்டும் பொதுத்தேர்தல் வரை நின்றார், அது 1997 தோல்வியைத் தடுக்கவில்லை. ஆகவே அவர்கள் பேடனாக்கை 2025 நவம்பரில் விட்டுவைப்பார்கள் என்றும், 2026 மே மாதம் ஸ்காட்லாந்து, வேல்ஸ், லண்டன் வட்டார (பரோ) மன்றத் தேர்தல்கள் வரை காத்திருந்து பழியை அவர்மேல் சுமத்துவார்கள் என்றும் எதிர்பார்க்கிறேன். 2029-இல் தனித்து ஆட்சி என்பதை நான் நம்பவில்லை. தொங்கு நாடாளுமன்றத்தில் பேரம் பேசும் அளவுக்கு இடம் வென்றால் அதுவே பெரிது.

கட்சி எங்கே நிற்கிறது என்பதற்கு என்னிடம் உள்ள நேரடிச் சான்று சிறியது. சென்ற வாரம் எங்கள் சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். 2026 மன்றத் தேர்தலுக்கு எங்கள் வட்டாரத்துக்கு மூன்று வேட்பாளர் வேண்டும், ஒருவர்தான் கிடைத்திருக்கிறாராம். 'சந்தாவை நாங்களே கட்டிக்கொள்கிறோம், வீடு வீடாக ஏற வேண்டாம், பெயருக்காவது நிற்க முடியுமா' என்று கேட்டார். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம், சட்டென்று மறுக்க வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.